சிவப்பு நெளிகோட்டுக்கு அஞ்சாதே!

இரவு பதினொன்றரை மணிக்கு போன் அடித்தது. ஜவுளிக்கடைக்காரர். அவர் கடைக்கு நான் எழுதிக்கொடுத்த வலைப்பக்கத்தில் ஓர் அம்மா புடவை வாங்கப் போயிருக்கிறார். புடவை விலை 950 ரூபாய். கூரியர் கூலி 80. மொத்தம் என்ற இடத்தில் திரையில் வந்து நின்ற தொகை: 95080.

"தம்பி, எங்கிட்ட இருக்கிற பட்டுகூட அந்த விலைக்கு இல்லையேப்பா" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மனிதர் சிரித்தார்.

நடந்தது இதுதான். புடவை விலை டேட்டாபேஸிலிருந்து எண்ணாக வந்தது. கூரியர் கூலி, கடைக்காரர் தட்டச்சிட்ட பெட்டியிலிருந்து வந்தது. உலாவியில் அப்படிப்பட்ட பெட்டிக்குள் நீ எதை அடித்தாலும் அதன் மதிப்பு எழுத்துச் சரமாகத்தான், ஸ்ட்ரிங்காகத்தான், கைக்கு வரும். ஜாவாஸ்கிரிப்டில் கூட்டல் குறிக்கு இரண்டு வேலை. இருபுறமும் எண் இருந்தால் கூட்டும். ஒருபுறம் ஸ்ட்ரிங் இருந்துவிட்டால் ஒட்டும். 950-ஐயும் 80-ஐயும் பசை தடவி ஒட்டியதில் பிறந்தது அந்த 95080.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. தள்ளுபடியை நான் சோதித்துப் பார்த்திருந்தேன். அதுவும் பெட்டியிலிருந்து வந்த ஸ்ட்ரிங்தான். ஆனால் கழித்தல் குறிக்கு ஒட்டும் வேலை கிடையாது. அதனால் அது ஸ்ட்ரிங்கைத் தானாகவே எண்ணாக மாற்றிக்கொண்டு, 950-இல் 50 போக 900 என்று சமர்த்தாகச் சொல்லிவிட்டது. கழித்தல் சரியாக வருகிறதே, கூட்டல் வராமலா போகும் என்று கடைசி நாளில் சேர்த்த கூரியர் பெட்டியைச் சோதிக்காமலே கொடுத்துவிட்டேன். ஒரே பக்கத்தில், ஒரே மாதிரிப் பெட்டிகள். ஒன்று காப்பாற்றியது, மற்றொன்று கவிழ்த்தது.

அன்றிரவு நான் எனக்குள் சொல்லிக்கொண்ட வாக்கியத்தை நீயும் சொல்லியிருப்பாய். "நமக்கெல்லாம் இது வராது."

தம்பி, தங்கையே, அந்த வாக்கியத்தை இன்றோடு எரித்துவிடு! உனக்கு வராமல் இல்லை. தவறு செய்தபோது தவறு என்று சொல்ல உன் பக்கத்தில் யாரும் இல்லை. நீ எதைச் சொன்னாலும் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிவிட்டு, வாடிக்கையாளர் முன்னால் உன்னைக் கைவிடும் ஒரு கூட்டாளியோடு வேலை செய்திருக்கிறாய். அந்தக் கூட்டாளியின் பிறப்பைக் கேட்டால் உன் குற்றவுணர்ச்சி பாதி குறைந்துவிடும். 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதி முடித்தார். வலைப்பக்கத்தில் சின்னச் சின்ன வேலை செய்ய ஒரு மொழி அவசரமாகத் தேவைப்பட்டது. அதன்மேல் பிற்பாடு உலகமே கடை விரிக்கும், வங்கி நடத்தும், ரயில் டிக்கெட் விற்கும் என்று அப்போது யார் கண்டார்? பத்து நாள் அஸ்திவாரத்தின் மேல் நீ ஒற்றை ஆளாய்க் கட்டடம் எழுப்புகிறாய். விரிசல் விட்டால் உடனே உன் கை சரியில்லை என்கிறாய்!

பிறகொரு நாள் அதே கணக்கை டைப்ஸ்கிரிப்டில் எழுதினேன். எந்த இடத்தில் எந்த வகை மதிப்பு, அதாவது எந்த டைப், வர வேண்டும் என்று ஜாவாஸ்கிரிப்டின்மேல் எழுதிவைக்க விடும் மொழி அது. விலை எண், கூலி எண், திரும்பி வருவதும் எண் என்று சொல்லி ஒரு ஃபங்ஷன். பெட்டியிலிருந்து வந்த கூலியை அதற்குள் கொடுத்த நொடியே அடியில் சிவப்பு நெளிகோடு. சுட்டியைக் கொண்டுபோய் வைத்தால் டிஎஸ் 2345 என்று ஓர் எண்ணும் ஒரு வரியும்: எண் கேட்கும் இடத்தில் ஸ்ட்ரிங் கொடுக்கிறாய். பக்கத்தை ஓட்டக்கூட இல்லை. அந்த அம்மா புடவையைப் பார்க்கக்கூட இல்லை. முன்பு இரவு பதினொன்றரைக்கு போனில் வந்த செய்தி, இப்போது தட்டச்சு செய்த கையை எடுப்பதற்குள் வந்துவிட்டது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெறுமனே எண்ணையும் ஸ்ட்ரிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டல் குறி போட்டால் டைப்ஸ்கிரிப்டும் மறுபேச்சில்லாமல் ஒட்டத்தான் செய்யும். "எனக்கு இங்கே எண்தான் வேண்டும்" என்று நீ வாய் திறந்து ஓரிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்த வார்த்தைக்கு அது காவல் நிற்கும். சொல்லாவிட்டால் அதற்கென்ன தெரியும்? தனக்கு என்ன வேண்டும் என்று துணிந்து சொல்லத் தெரியாதவனுக்கு எந்தக் காவலாளியும் உதவ முடியாது. வீட்டிலும் அப்படித்தான், ஆபீசிலும் அப்படித்தான்.

ஆனால் நடப்பது என்ன? ஆர்வமாக டைப்ஸ்கிரிப்ட் கற்கத் தொடங்குகிறாய். மூன்றாம் நாள் ஒரு பழைய ஃபைலைத் திறக்கிறாய். பக்கம் முழுக்க அம்மை போட்டதுபோலச் சிவப்பு. உடனே உனக்குள் பள்ளிக்கூடத்துச் சிவப்பு மை எழுந்து நிற்கிறது. கணக்கு நோட்டில் குறுக்கே விழுந்த கோடுகள், வகுப்பு முன்னால் உரக்கப் படிக்கப்பட்ட மார்க், பின்பெஞ்சுச் சிரிப்பு. லேப்டாப்பை மூடிவிட்டு, "பழைய ஜாவாஸ்கிரிப்டே போதும், அதில் இவ்வளவு தப்பு வரவில்லை" என்கிறாய்.

அதில் தப்பு வராமல் இல்லையப்பா. சொல்லாமல் இருந்தது!

அந்தச் சிவப்புக்கு உன்னைத் தெரியாது. நீ தமிழ் மீடியமா, உன் அப்பா என்ன வேலை பார்க்கிறார், கல்லூரியில் எத்தனை அரியர் வைத்தாய், எதுவும் அதற்குத் தெரியாது. எண் கேட்ட இடத்தில் எண் வந்ததா என்பது ஒன்றே அதன் கவலை. பெரிய நகரத்தில் பெரிய கம்பெனியில் சேர்ந்தவனுக்குப் பக்கத்து நாற்காலியில் பத்து வருட அனுபவமுள்ள சீனியர் உட்கார்ந்திருப்பார். அவன் எழுதியதை ஒரு பார்வை பார்த்து, "இங்கே மதிப்பே இல்லாமல் 'நல்' வந்தால் என்ன பண்ணுவாய்?" என்று கேட்பார். உடுமலையிலோ உசிலம்பட்டியிலோ மாடியறையில் தனியாக உட்கார்ந்து படிக்கும் உனக்கு அந்த சீனியர் யார்? அந்தச் சிவப்புக் கோட்டைப் போடவைக்கும் கம்பைலர்தான். காசு கேட்காது. நூறாவது தடவை அதே தப்பைச் செய்தாலும் முகம் சுளிக்காது. சலிக்காமல், அதே குரலில், அதே வரி எண்ணோடு சொல்லும். டைப் உள்ள மொழி ஏற்கெனவே தேர்ந்தவர்களுக்கான ஆடம்பரம் என்று எவனாவது சொன்னால் நம்பாதே. வழிகாட்ட ஆளில்லாதவனுக்குத்தான் அது முதலில் தேவை.

"டைப் என்பதே புதிதாக இருக்கிறதே, புரியவில்லையே" என்கிறாயா? பொய் சொல்கிறாய். நீ தமிழ் பேசுகிறவன். "கண்ணன் வந்தாள்" என்று ஒருவர் சொன்னால் உன் காது குத்துகிறதா இல்லையா? "மாடு வந்தான்", "நேற்று வருவேன்" என்றால்? மூன்று வயதுக் குழந்தை தடுமாறும். பள்ளிக்குப் போகும் குழந்தை தடுமாறாது. எழுவாயின் திணையும் பாலும் எண்ணும் வினைமுற்றின் விகுதியோடு பொருந்துகிறதா என்று உன் மூளை ஒவ்வொரு வாக்கியத்திலும் சோதித்துக்கொண்டே இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தமிழில் வழு, வழாநிலை, வழுவமைதி என்று படித்தாயே, மார்க்குக்காக மனப்பாடம் செய்து மறந்தாயே, அதுதான் இது. நன்னூல் வழுக்களை ஏழாகப் பிரிக்கிறது: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. எடிட்டர் அடிக்கோடிடுவதும் இப்படிப்பட்ட வழுவைத்தான். "குயில் குரைத்தது" என்றால் மரபு வழு. குயிலுக்குக் குரைக்கும் தொழில் இல்லை. ஓர் எண்ணைப் பிடித்து, "உன் எழுத்துகளைப் பெரிய எழுத்தாக மாற்று" என்று டைப்ஸ்கிரிப்டில் கேட்டுப் பார். இந்த டைப்புக்கு அப்படியொரு தொழிலே இல்லை என்று சொல்லும். குயில் குரைக்காது என்கிறது, அவ்வளவுதான்!

வழுவமைதிக்கும் இங்கே ஜோடி உண்டு. வீட்டுப் பசுவைக் கொஞ்சும்போது "என் செல்லம் வந்துட்டா" என்கிறோம். அஃறிணை உயர்திணை ஆகிவிட்டது. ஆனாலும் இலக்கணம் மன்னிக்கிறது. ஏன்? அன்பில் பிறந்த மகிழ்ச்சி என்ற காரணம் இருக்கிறது. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு என்று காரணங்களைப் பட்டியலிட்டுத்தான் நம் இலக்கணக்காரர்கள் அந்தக் கதவைத் திறந்துவைத்தார்கள். டைப்ஸ்கிரிப்டில் அந்தக் கதவின் பெயர் 'எனி'. எது வேண்டுமானாலும் வரட்டும், கேள்வி கேட்காதே என்று பொருள். புதிதாக வருகிறவர்கள் சிவப்பைப் பார்த்துப் பயந்து எல்லா இடத்திலும் 'எனி' போட்டுவிட்டு, "பார், ஒரு எரர்கூட இல்லை" என்று மார்தட்டுகிறார்கள். தெர்மாமீட்டரை உடைத்துவிட்டால் காய்ச்சல் போய்விடுமா? 'எனி' எழுது, தப்பில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணத்தை மேலே ஒரு வரியில் எழுதிவிட்டு எழுது. காரணம் சொல்ல முடியாத இடத்தில் அது வெறும் வழு.

டைப் உள்ள மொழி தரும் பெரிய தைரியம் எரரைப் பிடிப்பதில்கூட இல்லை. பழைய கோடில் கைவைப்பதில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன் எழுதிய ப்ராஜெக்ட். வாடிக்கையாளரின் போன் நம்பர் என்று ஒரே கட்டம் வைத்திருந்தாய். இப்போது வீட்டு நம்பர், கடை நம்பர் என்று இரண்டாக்க வேண்டும். அது எத்தனை ஃபைலில் நுழைந்திருக்கிறதென்று உனக்கே தெரியாது. ஜாவாஸ்கிரிப்டில் தேடித் தேடி மாற்றுவாய். மாற்றிவிட்டுச் சாமி கும்பிடுவாய். எங்கோ ஓர் எஸ்எம்எஸ் அனுப்பும் ஃபைலில் பழைய பெயர் தங்கியிருக்கும். அது மாதக் கடைசியில்தான் ஓடும். டைப்ஸ்கிரிப்டில் அந்தக் கட்டத்தின் பெயரை ஓரிடத்தில் மாற்று. உடைந்த இடமெல்லாம் வரிசை கட்டி வந்து நிற்கும், ஃபைல் பெயரோடு, வரி எண்ணோடு. ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டே வா. பட்டியல் காலியாகும்போது உன் நெஞ்சில் ஒன்று நிமிரும் பார், அதற்காகவாவது இதைக் கற்றுக்கொள்.

எரர் செய்திகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன என்று மலைக்காதே. அங்கே இலக்கியம் எதுவும் இல்லை. எக்ஸ்பெக்டட், மிஸ்ஸிங், அசைனபிள், அன்டிஃபைன்ட், பாஸிப்ளி என்று திரும்பத் திரும்ப வருகிற சொற்கள் ஒரு கைக்குட்டையில் முடிந்துகொள்ளும் அளவுதான். பத்து வரிக்கு நீளும் எரர் வந்தால் முதல் வரியிலிருந்து படித்துத் திணறாதே. கடைசி வரிக்குப் போ. உள்ளே தள்ளி எழுதப்பட்ட அந்த அடிவரியில்தான் உண்மையான சண்டை எதற்கு என்று இருக்கும். மேலே உள்ளதெல்லாம் அந்தச் சண்டை நடந்த தெருவுக்கு வழி. (டைப்ஸ்கிரிப்ட் கம்பைலர் தன் செய்திகளைச் செக், போலிஷ், துருக்கி மொழிகளில்கூடத் தரும், தமிழில் தராது. அதை மாற்றப்போகிறவர் நீயாக ஏன் இருக்கக் கூடாது?)

"எனக்கு வயதாகிவிட்டது, இப்போது போய்ப் புது மொழியா" என்கிறவர்களுக்கு ஒரு மனிதரைக் காட்டுகிறேன். ஆண்டர்ஸ் ஹெல்ஸ்பெர்க். டென்மார்க்கில் 1960-இல் பிறந்தவர். 1983-இல் வெளிவந்த டர்போ பாஸ்கல் கம்பைலர் அவர் கைவேலை. பிறகு டெல்ஃபி. மைக்ரோசாஃப்டுக்கு வந்து சி ஷார்ப். இவ்வளவு பேர் வாங்கிய மனிதர் சாய்வு நாற்காலியில் உட்காரவில்லை. 2012 அக்டோபரில் டைப்ஸ்கிரிப்டை வெளியிட்டபோது அவருக்கு வயது 51. அதோடு விட்டாரா? டைப்ஸ்கிரிப்ட் கம்பைலர் டைப்ஸ்கிரிப்டிலேயே எழுதப்பட்டிருந்தது. பெரிய ப்ராஜெக்ட்டுகளில் மெதுவாக ஓடியது. 2025 மார்ச்சில், 64 வயதில், அதையே வேறு மொழியில் மாற்றி எழுதுகிறோம் என்று அறிவித்தார். எந்த மொழியில்? தான் பெற்ற பிள்ளையான சி ஷார்ப் கையில் இருக்க, கூகுளில் பிறந்த கோ மொழியில்! விஎஸ் கோடு என்ற எடிட்டரின் ஏறக்குறைய 15 லட்சம் வரிகளைப் பழைய கம்பைலர் 77.8 வினாடியில் சோதித்தது, புது வடிவம் 7.5 வினாடியில் முடித்தது. இந்த வேலைக்கு எது பொருந்துகிறதோ அது போதும் என்று, தன் பெயரைத் தூர வைத்துவிட்டு முடிவெடுக்க ஒரு நிமிர்வு வேண்டும். நீயோ முப்பத்திரண்டு வயதில், "நான் பிஎச்பி ஆள், எனக்கு வேறெதுவும் ஒட்டாது" என்று உன் நெற்றியில் நீயே முத்திரை குத்திக்கொள்கிறாய். உன் பிஎச்பியே 2015-இல் வந்த 7-ஆம் பதிப்பில் எண், ஸ்ட்ரிங் என்று டைப் எழுத இடம் கொடுத்துவிட்டது. பைத்தானும் அதே ஆண்டு 3.5-இல் டைப் குறிப்புகளை ஏற்றுக்கொண்டது. மொழிகளே மாறிவிட்டன, நீ எதற்கு முறைத்துக்கொண்டு நிற்கிறாய்?

மறுபக்கத்தையும் மறைக்கப் போவதில்லை. ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற வலைக் கட்டமைப்பை உருவாக்கிய டேவிட் ஹைனமெயர் ஹான்சன் 2023-இல் தம்முடைய டர்போ நூலகத்திலிருந்து டைப்ஸ்கிரிப்டையே தூக்கி எறிந்தார். அவருக்கு அது இடைஞ்சல். அவர் எடுத்த முடிவு. அதை அவர் எடுக்கலாம். இருபது ஆண்டு கோடு எழுதி ஓர் உலகையே கட்டியவர், வேண்டாம் என்கிறார். நீ கற்றுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல், உனக்கும் மாலை போடுகிறேன். பயந்து வேண்டாம் என்று சொல்லாதே.

இன்னொன்று. டைப் வந்துவிட்டால் தப்பே வராது என்று எவனாவது கோர்ஸ் விற்றால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். 2017-இல் வந்த ஓர் ஆய்வில், பொதுவெளியில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்ட்டுகளில் திருத்தப்பட்ட பிழைகளை எடுத்து, டைப் எழுதியிருந்தால் எத்தனை முன்னமே பிடிபட்டிருக்கும் என்று பார்த்தார்கள். நூற்றுக்கு 15. எனக்கு அது பெரிய எண்தான். நூறு நள்ளிரவு போன்களில் பதினைந்து குறைகிறதே! ஆனால் மீதி 85 உன் தலையில்தான் இருக்கிறது. கூலியைக் கூட்டுவதற்குப் பதில் பெருக்கிவிட்டால் கம்பைலர் வாய் திறக்காது. எண்ணும் எண்ணும் பெருகினால் எண்தானே, டைப் சரி. அதேபோல டைப்ஸ்கிரிப்டின் டைப்புகள் உலாவிக்குப் போகும் முன்பே அழிந்துவிடும். வெளியிலிருந்து, வேறு சர்வரிலிருந்து வரும் தரவு நீ சொன்ன வடிவில்தான் இருக்கிறதா என்பதை ஓடும்போது நீதான் வாசலில் நின்று சோதிக்க வேண்டும். ஸாட் போன்ற நூலகங்கள் இதற்காகவே இருக்கின்றன. காவலாளி வைத்தாலும் வீட்டைப் பூட்ட வேண்டியது நீதான்.

சர்வர் பக்கம் போகிறாயா? கோ மொழியை எடு. மொத்தமே 25 சிறப்புச் சொற்கள். வலை சர்வர் எழுதத் தேவையானது அதனுள்ளேயே வருகிறது. நீ அறிவித்துவிட்டுப் பயன்படுத்தாத மாறி ஒன்று ஃபங்ஷனுக்குள் கிடந்தால்கூட "இதை எதற்கு வைத்திருக்கிறாய்" என்று கம்பைல் செய்யவே மறுக்கும். நம் வீட்டுப் பாட்டிகளைப் போல. ஜாவாவும் சி ஷார்ப்பும் வேலைவாய்ப்புச் சந்தையில் எப்போதும் இருப்பவை. எதுவானாலும் ஒன்றைப் பிடி, ஆறு மாதம் விடாதே. எது சிறந்தது என்று யூடியூபில் தேடியே ஆறு மாதத்தைத் தொலைத்தவர்கள் பலரை நான் அறிவேன். அவர்களில் ஒருவனாக நானும் இருந்தேன்.

இன்று இரவே தொடங்கு. புது கோர்ஸ் வேண்டாம், புது லேப்டாப் வேண்டாம். நீ எப்போதோ எழுதிய, உனக்கே வெட்கமாக இருக்கிற ஒரு பழைய ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலை விஎஸ் கோடில் திற. முதல் வரியில் இரண்டு சாய்கோடு போட்டு, 'அட்' குறியும் அதை ஒட்டியே ஆங்கிலத்தில் டிஎஸ்-செக் என்ற சொல்லும் எழுது; சிறுகோடு டிஎஸ்ஸுக்கும் செக்குக்கும் நடுவில். அந்த ஒரு வரி போதும், சிவப்பு வரத் தொடங்கும். எத்தனை என்று எண்ணி ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டு. முதலாவதின் கடைசி வரியைப் படி. அதைத் திருத்து. தாளில் உள்ள எண்ணை அடித்துவிட்டு ஒன்று குறைத்து எழுதிவிட்டுப் படுக்கப் போ. மற்றது நாளைக்கு.